மகன்மையும் மகண்மையும்: சுந்தரர் வரலாற்றில் தத்துறவும் தன்னடையாளமும்

ஆய்வுச்சுருக்கம்

தத்துப்போன பிள்ளைக்குப் பிறந்த குடும்பத்தோடுள்ள உறவு முற்றும் அறுபட்டு, அதனிடத்தில் வளர்ப்புக் குடும்ப உறவு அமைகிறது என்பது இன்றைய இந்துச் சட்டத்தின் நிலைப்பாடு. தமிழ்ச் சமூகத்தின் தத்துறவு எப்போதும் இவ்வாறே இருந்ததா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. சுந்தரர் தேவாரத்தின் இறுதிப் பாடல்களில் காணப்படும் தன்பெயர்ச் சுட்டல்களும், சேக்கிழார் பெரியபுராணத்தில் தரும் வரலாறும் முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. மணிமேகலையின் ஆபுத்திரன் வரலாறும் ஆண்டாளின் பெயர் முத்திரையும் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. பிறப்புறவும் வளர்ப்புறவும் ஒன்றையொன்று அழிக்காமல் ஒரே பெயரில் இணைந்து நிற்கும் ஒரு மரபு தமிழில் இருந்தது என்பதும், பிறப்பு வெளிப்படையாக அறியப்பட்ட இடத்தில் தத்துறவு உறுதியாகவும், மறைந்திருந்த இடத்தில் முறியக்கூடியதாகவும் அமைந்தது என்பதும் இக்கட்டுரையின் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: தத்து, மகன்மை, மகண்மை, சுந்தரர், பெரியபுராணம், ஆபுத்திரன், கோதை, திருமுல்லைவாயில், தத்தகச் சட்டம்.

முன்னுரை

சென்னையின் மேற்குப் புறநகரில் உள்ள கோவில்பதாகையும் அதற்கு அண்மையிலுள்ள திருமுல்லைவாயிலும் இன்று ஆவடி மாநகராட்சிப் பகுதியில் அடங்குகின்றன. இப்பகுதியும் இதைச் சூழ்ந்த ஊர்களும் சுந்தரர் வரலாற்றின் கடினமான ஒரு காலகட்டத்திற்குக் களமாக விளங்கியவை. சங்கிலியாரின் ஊராகிய ஞாயிறு செங்குன்றத்தை அடுத்துள்ளது. அவரைச் சுந்தரர் மணந்த திருவொற்றியூர் கிழக்கே கடற்கரையில் உள்ளது. அவர் பார்வையிழந்த நிலையில் வந்து பாடிய தலம் திருமுல்லைவாயில். இவ்வரலாற்றை 12ஆம் நூற்றாண்டில் காப்பியமாக்கிய சேக்கிழாரின் குன்றத்தூரும் பூந்தமல்லியிலிருந்து தொலைவில் இல்லை. இந்நிலப்பகுதியோடு இவ்வளவு நெருங்கிய தொடர்புடைய சுந்தரரை அடியாராகவும் பாவலராகவும் பல ஆய்வுகள் நோக்கியுள்ளன. தத்துப்பிள்ளையாகவும், பிறர் பெற்ற மக்களைத் தம் மக்களாக ஏற்ற தந்தையாகவும் அவரை நோக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

இந்நோக்கிற்கு இன்றைய தேவை ஒன்று உண்டு. 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுத்தல் மற்றும் பராமரிப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, தத்து நிகழ்ந்த நாள்முதல் பிள்ளைக்குப் பிறந்த குடும்பத்தோடுள்ள உறவுகள் அனைத்தும் அறுபட்டு, வளர்ப்புக் குடும்ப உறவுகள் அவற்றின் இடத்தைப் பெறுவதாகக் கருத வேண்டும் என்கிறது. தத்துப்பிள்ளை வளர்ந்தபின் தன்னைப் பெற்றவர் யார் எனக் கேட்கும்போது, அக்கேள்வி வளர்த்தவர்க்கு நன்றிகேடாகவும் மரபுக்குப் புறம்பானதாகவும் பல வீடுகளில் கொள்ளப்படுகிறது. அவ்வாறு கொள்வதற்கு மரபு உண்மையில் இடந்தருகிறதா என்பதைச் சான்றுகளின் வழியாகவே தெளிய வேண்டும்.

1. சொற்களும் சான்றுகளும்

இன்று வழங்கும் தத்து, சுவீகாரம் என்னும் சொற்கள் வடமொழித் தொடர்புடையவை. முன்னது கொடுக்கப்பட்டதையும், பின்னது தனதாக்கிக்கொள்வதையும் குறிக்கின்றன. இரண்டிலும் ஒருவரிடமிருந்து மற்றொருவர்க்குப் பிள்ளை மாறிச் செல்லும் பொருள் அடங்கியுள்ளது. சேக்கிழார் ஆளும் சொல் மகன்மை. இது மகனாக இருக்கும் தன்மையைச் சுட்டும் பண்புப்பெயர். மகன்மை கொள்ளுதல் என்பது ஒருவனோடு மகன் என்னும் உறவு பூணுதலாகும். அதே காப்பியத்தில் பெண்மக்களை ஏற்கும் இடத்தில் மகண்மை என்னும் சொல் வருகிறது. ஓர் உறவு புதிதாகத் தோன்றுவதை இச்சொற்கள் சொல்கின்றன. முந்தைய உறவு ஒழிவதை அவை சொல்லவில்லை.

பெற்றவரும் வளர்த்தவரும் ஒருங்கே பெற்றோராதல் தமிழ் இலக்கியத்திற்குப் புதிதன்று. அகப்பாடல்களில் தலைவிக்கு நற்றாய், செவிலித்தாய் என இரு தாயர் உண்டு. தலைவி உடன்போக்கில் சென்றபின் இருவரும் வருந்துகின்றனர். செவிலியின் மகளே தோழியாதலின், வளர்ப்புறவு உடன்பிறப்பனைய உறவையும் தோற்றுவிக்கிறது. இது சட்டமுறையான தத்து அன்று. எனினும், ஒருவர்க்குத் தாய் ஒருவரே என்னும் வரையறை அவ்விலக்கிய மரபில் கட்டாயமாக இல்லை என்பதை இது காட்டுகிறது.

சுந்தரரின் பதிகங்கள் ஏழாம் திருமுறையாகத் தொகுக்கப்பட்டுள்ளன. பதிகத்தின் இறுதிப் பாடலில் பாடியவர் தம் பெயரையும் ஊரையும் பதிகப் பயனையும் சொல்லுதல் தேவார மரபு. இத்தன்பெயர்ச் சுட்டல்கள் வரலாற்றாய்வாளர்க்கு மிகுந்த பயனுடையவை. ஏனெனில் அவை பிறர் ஒருவரைப் பற்றி எழுதியவை அல்ல. ஒருவர் தம்மை எவ்வாறு அறியப்படுத்த விரும்பினார் என்பதை அவர் வாயாலேயே கூறுபவை. பெரும்பாலான ஆய்வாளர்கள் சுந்தரரை 8ஆம் நூற்றாண்டினராகக் கொள்கின்றனர். இரண்டாம் குலோத்துங்கன் (1133–1150) காலத்தில் இயற்றப்பட்ட பெரியபுராணம் அவருக்கு ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகள் பிற்பட்டது. ஆகவே இவ்விரு சான்றுகளையும் ஒன்றாகக் கலக்காமல் தனித்தனியே மதிப்பிடுவது முறை.

2. திருநாவலூர்: அரசர் கொண்ட மகன்மை

திருமுனைப்பாடி நாட்டுத் திருநாவலூரில் ஆதிசைவ அந்தணராகிய சடையனாருக்கும் இசைஞானியாருக்கும் பிறந்தவர் நம்பியாரூரர். தெருவில் சிறுதேர் உருட்டி விளையாடிய குழந்தையை அந்நாட்டை ஆண்ட நரசிங்கமுனையரையர் கண்டு அன்பு மீதூரப் பெற்றோரிடம் சென்று, தமக்கும் அவர்களுக்கும் இருந்த நட்பின் உரிமையால் கேட்டுப் பெற்று மகன்மை கொண்டார் என்கிறது தடுத்தாட்கொண்ட புராணம். இங்குக் கவனிக்கத்தக்கவை இரண்டு. வறுமையோ கைவிடுதலோ இத்தத்துக்குக் காரணமாகவில்லை, நட்பே காரணமாகிறது. அரசர்க்கு மகனில்லை, நீர்க்கடன் செய்ய ஒருவர் வேண்டும் என்னும் தேவையும் சொல்லப்படவில்லை.

அதன்பின் சேக்கிழார் சொல்வது இக்கட்டுரைக்கு இன்றியமையாதது. அரசரின் அன்புப் பிள்ளையாக வளர்ந்த சுந்தரர், அதே வேளையில் தம் பிறந்த குலத்தின் மரபிலும் வழுவாது நின்றார். அம்மரபின்படி அவருக்குப் பூணூல் அணிவிக்கப்பட்டது. கலைகளை அவர் பயின்றார். மணப்பருவம் வந்தபோது பெண் தேடியவர் அரசர் அல்லர். தந்தையாகிய சடையனாரே தம் மரபுக்கேற்பப் புத்தூர்ச் சடங்கவி சிவாசாரியாரின் மகளைப் பேசி முடித்தார். திருமண எழுச்சியிலோ அரசச் செல்வமும் வேதியர் வளமும் ஒருங்கே பொலிந்தன எனக் காப்பியம் கூறுகிறது. சடங்கும் மணமும் பிறந்த மரபின் வழியும், வளர்ப்பும் கோலமும் ஏற்ற தந்தையின் வழியும் அமைந்தன என்று இதனைச் சுருக்கிக் கூறலாம்.

இவ்விடத்தில் சடையனாரின் மகன் 'தனித்திருமகன்' எனக் குறிக்கப்படுகிறார். தனி என்பதற்கு ஒப்பற்ற என்றும் ஒரே என்றும் பொருள் கொள்ள இடமுண்டு. பின்னைய பொருளை ஏற்றால், ஒரே மகனைக் கொடுத்த தத்தாகவும் இது அமைகிறது. ஒரே மகனைத் தத்துக் கொடுத்தல் செல்லுமா என்பது பிற்காலச் சட்டவியலில் நெடுநாள் வழக்காக இருந்து, 1899இல் பிரிவி கவுன்சில் செல்லும் எனத் தீர்த்த ஒரு வினாவாகும். சேக்கிழாரின் காப்பியத்தில் இது ஒரு வினாவாகவே எழவில்லை. மகன் போய்விடவில்லை என்பதே அதற்குக் காரணமாகலாம்.

சுந்தரரின் பதிகங்கள் இதற்கு எவ்வளவு துணைநிற்கின்றன? தம்மை முனையரையர் மகனாக வளர்த்தார் என்று அவர் எங்கும் வெளிப்படையாகப் பாடவில்லை. திருநாவலூர்ப் பதிகத்தின் இறுதியில், அது இறைவனுக்கும் தமக்கும் உரிய ஊர் என்பதோடு, நரசிங்கமுனையரையர் அன்போடு இறைவனுக்குப் பணி செய்யும் ஊர் என்றும் சேர்த்தே அடையாளப்படுத்துகிறார். திருத்தொண்டத்தொகையில் முனையரையரை மெய்யடியாராகப் போற்றுகிறார். அத்தொகையின் நிறைவுப் பாடலில் தம்மைச் சடையன், இசைஞானி ஆகியோரின் மகன் என்றும் திருநாவலூர்க்கோன் என்றும் கூறுகிறார். கோன் என்னும் சொல்லை அரச வளர்ப்பின் தடயமாகக் கொள்ள ஆவல் எழலாம். ஆனால் அரசத் தொடர்பில்லாத சம்பந்தரும் தம்மைக் காழியர்கோன் என்று சுட்டிக்கொள்வதால், இச்சொல்லை மட்டும் கொண்டு முடிவுசெய்தல் பொருந்தாது. இதனினும் வலுவான குறிப்பு திருக்கலயநல்லூர்ப் பதிகத்தில் உள்ளது. அங்குச் சுந்தரர் தம் தந்தையை நட்புடையவர் என்னும் அடைமொழியோடு சுட்டுகிறார். சேக்கிழார் மகன்மைக்குக் காரணமாகக் கூறுவதும் சடையனாரின் நட்பே. இவ்வொற்றுமை முடிந்த சான்று ஆகாவிடினும், சேக்கிழார் கேட்டறிந்த மரபுச் செய்தி பதிகத்தோடு முரண்படவில்லை என்பதை உறுதிசெய்கிறது.

3. திருவெண்ணெய்நல்லூர் வழக்கு: தத்து விலக்காத கடன்

மணப்பந்தலில் முதியவர் ஒருவர் வந்து சுந்தரர் தமக்கு வழிவழி அடிமை என்று ஓலை காட்டிய நிகழ்ச்சி அனைவரும் அறிந்தது. பக்தி நோக்கில் இது இறைவன் ஆட்கொண்ட கதை. தத்துறவு நோக்கில் இது ஒரு வழக்கு. திருவெண்ணெய்நல்லூர் அவையத்தார் முன்பு வாசிக்கப்பட்ட ஓலை, சுந்தரரின் பாட்டனாராகிய ஆரூரர் எழுதியது. தாமும் தம் மரபில் வருவோரும் வழித்தொண்டு செய்வதாக அது ஒப்புகிறது. அவையோர் ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூவகைச் சான்றுகளைக் குறிப்பிட்டு, பாட்டனாரின் கையெழுத்தை வேறோர் ஓலையோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தீர்ப்புக் கூறுகின்றனர்.

இவ்வழக்கில் சுந்தரர் முன்வைத்த மறுப்பு யாது? அந்தணர் மற்றோர் அந்தணர்க்கு அடிமையாதல் உண்டோ என்பதே. தாம் இப்போது முனையரையரின் மகன், பாட்டனாரின் மரபினர் அல்லர், ஆகவே அவ்வோலை தம்மைக் கட்டுப்படுத்தாது என்னும் வாதத்தை அவரும் எழுப்பவில்லை, அவையோரும் எண்ணவில்லை. தத்து என்பது பிறந்த மரபிலிருந்து விலகுதல் என்னும் கருத்து சேக்கிழாரின் காலத்து மக்களிடையே உறுதியாக வேரூன்றியிருந்தால், இவ்வாதம் இயல்பாகவே முதலில் எழுந்திருக்கும். வழக்கு நுணுக்கங்களை இவ்வளவு கவனத்தோடு அமைத்த புலவர் அதை மறந்தார் எனக் கொள்வது கடினம். அரசர் மகனான பின்னும் பாட்டனாரின் கடன் பேரனைத் தொடர்ந்தது. சுந்தரர் வாழ்வின் பெருந்திருப்பமே அக்கடனால் நிகழ்ந்தது.

இதற்கு மாற்று விளக்கமும் உண்டு. பிறந்த மரபு காக்கப்பட்டது உறவின் பெருந்தன்மையால் அன்று, சாதி வரம்பினால் என்று வாதிடலாம். முனையரையர் குறுநில மன்னர் குலத்தினர், சுந்தரர் ஆதிசைவர். அரசர் ஏற்றதனால் அந்தணப் பிள்ளையின் குலம் மாறிவிட்டது என்று 12ஆம் நூற்றாண்டுக் காப்பியம் சொல்ல இயலாது. இவ்விளக்கத்தில் உண்மை உள்ளது. எனினும் அது முழுமையானதன்று. சாதி வரம்பு மட்டுமே இவ்வமைப்பைத் தீர்மானித்திருப்பின், வரம்பு கடந்த தத்தே நிகழ்ந்திராது. 17ஆம் நூற்றாண்டில் நந்தபண்டிதர் இயற்றிய தத்தக மீமாம்சை தத்துப்பிள்ளை ஒரே வருணத்தைச் சார்ந்திருக்க வேண்டும் என்று கொள்வது இதனால்தான். சாதி மாறாமலேயே சாதிக்கு அப்பாலும் ஒருவர் மகனாக முடிந்தது என்பதே திருநாவலூர் தரும் செய்தி.

4. நாட்டியத்தான்குடி: கவிஞர் கொண்ட மகண்மை

சுந்தரர் தத்துப்பிள்ளையானதற்குச் சான்று சேக்கிழார். அவர் பிறர் மக்களைத் தம் மக்களாக ஏற்றதற்கோ அவருடைய பாடல்களே சான்று. சோழர் படைத்தலைவராகிய கோட்புலி நாயனார் வேளாளர் குலத்தினர். அவர் சுந்தரரைத் தம் ஊருக்கு அழைத்து விருந்தோம்பி, தம் பெண்மக்களாகிய சிங்கடி, வனப்பகை இருவரையும் அடிமைகளாக ஏற்குமாறு வேண்டினார். சுந்தரர் அவர்களைத் தமக்குத் தூய மக்கள் எனக் கூறி மகண்மையாகக் கொண்டு மடியில் அமர்த்தி அன்பு காட்டினார் என்கிறது பெரியபுராணம். அடிமை என்று கொடுக்கப்பட்டவர்கள் மகள் என்று ஏற்கப்பட்டனர். தம்மையே அடிமையென்று ஓலை காட்டி ஒருவர் உரிமை கோரிய அனுபவம் உடையவர் செய்த மாற்றம் இது என்பது நினையத்தக்கது.

இந்நிகழ்ச்சிக்குப்பின் சுந்தரர் தம் பெயரையே விரித்துக்கொண்டார். திருநாட்டியத்தான்குடிப் பதிகத்தின் இறுதிப் பாடலில் கோட்புலியாரின் வீரத்தைப் புகழ்ந்து, அதே பாடலில் தம்மைச் சிங்கடியப்பன் என்று சுட்டுகிறார். பெற்ற தந்தையும் ஏற்ற தந்தையும் ஒரே பாடலில், ஒருவர் மற்றவரின் இடத்தைப் பறிக்காமல் நிற்கின்றனர். திருப்புகலூர்ப் பதிகத்தின் இறுதிப் பாடல் இதனினும் செறிவானது. அங்கு அவர் நாவலூரன், வனப்பகையப்பன், சடையன் சிறுவன், வன்றொண்டன், ஊரன் எனத் தம்மை அடுக்கிச் சொல்கிறார். பிறந்த ஊர், ஏற்றுக்கொண்ட மகள், பெற்ற தந்தை, இறைவனோடு வழக்காடிப் பெற்ற பெயர், இயற்பெயர் ஆகிய ஐந்தும் ஒரு மனிதரின் அடையாளமாகின்றன. பெற்ற தந்தையின் மகன் என்பதும், தாம் பெறாத மகளின் தந்தை என்பதும் இவ்வடுக்கில் அடுத்தடுத்து வைக்கப்பட்டுள்ளன. இரண்டில் எது உண்மையான உறவு என்னும் கேள்விக்கே அங்கு இடமில்லை.

தந்தையின் பெயரால் மக்கள் அறியப்படுவது வழக்கம். இங்கு மகளின் பெயரால் தந்தை அறியப்படுகிறார். ஏற்ற உறவினால் அடையாளம் மாறியவர் பிள்ளை மட்டுமல்லர், ஏற்றவரும் ஆவார். தத்து பற்றிய பேச்சு எப்போதும் பிள்ளையின் அடையாளத்தையே வினாவுக்கு உள்ளாக்குகிறது. தம் கையொப்பத்தையே மாற்றிக்கொண்ட ஒரு தந்தையைத் திருப்புகலூர்ப் பதிகம் காட்டுகிறது. பெண்மக்களைத் தத்தெடுத்தல் செல்லாது என்று பிற்காலச் சாத்திர விளக்கங்கள் பெரிதும் கொண்டிருந்த சூழலில், இப்பெயர்ச்சுட்டல் பெறும் பொருளை மிகையின்றி மதிப்பிட வேண்டும். இது சொத்துரிமை தரும் தத்து அன்று. பெயரால் அறிவிக்கப்பட்ட உறவு.

5. திருமுல்லைவாயில்: சுருங்கிய பெயர்

சங்கிலியாரைப் பிரியேன் என்று திருவொற்றியூரில் செய்த சூளைக் கடந்து ஊரெல்லை நீங்கியபோது சுந்தரர் கண்ணொளி இழந்தார் என்பது பெரியபுராணம். அந்நிலையில் அவர் வந்த தலம் திருமுல்லைவாயில். அங்குப் பாடிய பதிகத்தில் சங்கிலியின் பொருட்டுத் தம் கண் போனதை அவரே குறிப்பிடுகிறார். தொண்டைமானின் யானையை முல்லைக்கொடி பிணித்த தல வரலாறும் அதில் இடம்பெறுகிறது.

இப்பதிகத்தின் இறுதிப் பாடலில் அவர் தம்மை நாவல் ஆரூரன் என்று மட்டுமே சொல்கிறார். சடையனும் இல்லை, சிங்கடியும் வனப்பகையும் இல்லை. எல்லாப் பதிகங்களிலும் உறவுப்பெயர்கள் வருவதில்லை என்பதால் இம்மௌனத்திற்குப் பெரும்பொருள் கற்பித்தல் கூடாது. எனினும் ஓர் உண்மை இதிலிருந்து தெளிகிறது. உறவுப்பெயர்கள் யாப்புக்காக இயந்திரம்போல் நிரப்பப்பட்டவை அல்ல. அவை வேண்டிய இடத்தில் வேண்டியவாறு தேர்ந்தெடுக்கப்பட்டவை. நாட்டியத்தான்குடியில் சிங்கடியப்பன் என்றவர், முல்லைவாயிலில் பிறந்த ஊரையும் இயற்பெயரையும் மட்டும் கொண்டு நின்றார். தன்னடையாளம் என்பது மாறாத ஒரே விடையன்று, சூழலுக்கேற்ப எடுத்துரைக்கப்படுவது என்பதற்கு இவ்வேறுபாடு நல்ல சான்று.

6. இரு ஒப்பீடுகள்: ஆபுத்திரனும் கோதையும்

சுந்தரரின் நிலை எல்லாத் தத்துப்பிள்ளைகளின் நிலையும் அன்று. மணிமேகலையில் வரும் ஆபுத்திரன் இதற்கு நேர் எதிரான சான்று. வாரணாசி அந்தணரின் மனைவியாகிய சாலி, கற்பு வழுவி, தென்குமரி நோக்கி வரும் வழியில் ஈன்று விட்டுச்சென்ற குழந்தை அவன். பசு ஒன்று ஏழு நாள் பாலூட்டிக் காத்தது. வயனங்கோட்டு அந்தணன் இளம்பூதி அவனைக் கண்டெடுத்து, இவன் ஆவின் மகன் அல்லன், என் மகனே என்று மகிழ்ந்து வளர்த்தான். அவன் மறை பயின்று வளர்ந்தான். வேள்விக்குக் கட்டப்பட்ட பசுவை விடுவித்தபோது ஊர் அந்தணர் அவன்மீது சினந்தனர். அவர்களுள் சாலியைக் கண்டறிந்த ஒருவன் அவன் பிறப்பை அவையில் வெளியிட்டான். முனிவர் பலரின் பிறப்பைச் சுட்டி ஆபுத்திரன் தக்க விடை கூறினும், வளர்த்த தந்தை அவனைக் கைவிட்டான். அவன் ஊரினின்று நீங்கித் தென்மதுரை சென்று இரந்துண்டு பிறர்க்கும் ஊட்டி வாழ்ந்தான்.

இளம்பூதியின் அன்பு தொடக்கத்தில் முனையரையரின் அன்புக்குக் குறைந்ததன்று. வேறுபாடு பிறப்பு அறியப்பட்ட முறையில் உள்ளது. சுந்தரரின் பிறப்பை ஊரே அறியும்; அதை எவரும் அவர்க்கு எதிராகப் பயன்படுத்த இயலாது. ஆபுத்திரனின் பிறப்பு அறியப்படாமல் இருந்தது. அதை முதலில் சொல்லும் வாய்ப்பு பகைவனுக்குக் கிடைத்தது. அமெரிக்க, கனடியத் தத்துக் குடும்பங்களை ஆராய்ந்த சமூகவியலாளர் எச். டேவிட் கிர்க், தத்தின் வேறுபாட்டை ஒப்புக்கொள்ளும் குடும்பம், அதை மறுக்கும் குடும்பம் என இரு வகையை 1964இல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார். ஒப்புக்கொள்ளுதலே உறவை வலுப்படுத்தும் என்பது அவர் கருத்து. அதே வேறுபாட்டைத் தமிழ்க் காப்பியங்கள் இரண்டும் தம் போக்கில் காட்டுகின்றன.

ஆனால் இவ்வொப்பீட்டில் ஒரு நேர்மையான தடை உண்டு. சுந்தரரின் பிறப்பை வெளிப்படையாகச் சொல்ல முடிந்தது அது பெருமைக்குரியதாக இருந்ததால்தான். ஆபுத்திரனின் பிறப்பு இழிவாகக் கருதப்பட்டது. ஆகவே மறைவு என்பது வளர்த்தவரின் குறை மட்டுமன்று. ஒரு பிறப்பை இழிவென வகுக்கும் சமூகமே மறைவைத் தோற்றுவிக்கிறது.

மூன்றாவது நிலை கோதையினுடையது. திருவில்லிபுத்தூர்த் துளசித் தோட்டத்தில் பெரியாழ்வார் கண்டெடுத்து வளர்த்த குழந்தை ஆண்டாள் என்பது குருபரம்பரை நூல்களின் செய்தி. அவரும் தம் பாசுரங்களின் இறுதியில் பெயர் முத்திரை வைக்கிறார். பட்டர்பிரான் கோதை என்றும் விட்டுசித்தன் கோதை என்றும் வளர்த்த தந்தையின் பெயரால் மட்டுமே தம்மை அறிவிக்கிறார். பிறந்த மரபு எதுவும் சுட்டப்படவில்லை. இங்கு வளர்ப்புறவு ஒன்றே முழு அடையாளமாகிறது. அதனால் எவ்விழிவும் நேரவில்லை. பிறப்பறியாமை பற்றி அந்தத் தந்தையும் மகளும் நாணவில்லை. மரபும் அதை மறைக்காமல் போற்றியது. ஆகவே பிறப்புறவு கட்டாயம் சுட்டப்பட வேண்டும் என்பதும் தமிழ் மரபின் முடிபன்று. சுட்டுவதும் சுட்டாமையும் உரியவரின் தேர்வாக இருந்ததே இவ்விரு பாவலரிடமும் ஒத்த கூறு.

7. சட்டத்தின் பாதை

பிறப்புறவை நீக்கும் கருத்தின் வேர் தொன்மையானது. தத்துப்பிள்ளை பெற்றவனின் கோத்திரத்தையும் சொத்தையும் பெறுவதில்லை என்று மனுஸ்மிருதியின் ஒன்பதாம் அத்தியாயம் கூறுகிறது. அதே சாத்திர மரபில் இரு தந்தையர்க்கும் மகனாகும் துவியாமுஷ்யாயணர் என்னும் வகையும் இருந்தது. ஆனால் அது இரு தந்தையரும் செய்துகொள்ளும் உடன்பாட்டைச் சார்ந்தது. பிண்டமும் சொத்துமே அதன் மையம். 1821இல் சதர்லாந்து தத்தக மீமாம்சையையும் தத்தக சந்திரிகையையும் ஆங்கிலத்தில் பெயர்த்தபின், கம்பெனி ஆட்சியின் நீதிமன்றங்களுக்கு இவ்விரு நூல்களும் தத்துச் சட்டத்தின் தலைமை ஆதாரங்களாயின. பல்வகை வழக்காறுகள் ஒரு நூல்வழிச் சட்டத்தின் அளவுகோலால் அளக்கப்பட்டன.

தமிழகத்திலிருந்து சென்ற ஒரு வழக்கே இப்போக்குக்கு எல்லை கட்டியது. இராமநாதபுரம் ஜமீனில் கணவரின் அனுமதியின்றி, உறவினர் இசைவோடு அரசியார் செய்த தத்து செல்லுமா என்பது வழக்கு. மதுரை ஆட்சியர் எதிர் முத்துராமலிங்க சேதுபதி என்று அறியப்படும் அவ்வழக்கில், 1868இல் பிரிவி கவுன்சில் தத்து செல்லும் எனத் தீர்த்தது. தெளிவாக நிறுவப்பட்ட வழக்காறு எழுதப்பட்ட சட்டவிதியினும் மேலானது என்னும் கருத்தை அத்தீர்ப்பு நிலைநிறுத்தியது. அவ்வாறு தத்து வந்த முத்துராமலிங்க சேதுபதியின் மகனே பாஸ்கர சேதுபதி. நகரத்தார் போன்ற சமூகங்களில் மஞ்சள்நீர் பருகச் செய்து பிள்ளை கூட்டும் வழக்கம் நின்று நிலவியதும் வழக்காற்றின் வலிமைக்குச் சான்று.

எனினும் இவ்வழக்குகள் யாவும் ஒரே கேள்வியைச் சுற்றியே நிகழ்ந்தன. சொத்து யாருக்கு, நீர்க்கடன் யாரால் என்பதே அக்கேள்வி. பிள்ளை தன்னை யாராக உணர்ந்தது என்று எந்த நீதிமன்றமும் கேட்கவில்லை. 1956ஆம் ஆண்டுச் சட்டம் பெண்மக்களைத் தத்தெடுக்க இடமளித்துப் பெரும் மாற்றம் செய்தது. ஆயினும் உறவு அறுபடும் கருத்தை அது உறுதிப்படுத்தியது. அதே பிரிவில் ஒரு விலக்கும் உள்ளது. பிறந்த குடும்பத்தில் இருந்திருந்தால் எவரை மணக்க இயலாதோ அவரைத் தத்துப்பிள்ளை மணக்க இயலாது. உறவுகள் யாவும் அறுபட்டன என்ற சட்டமே ஓரிடத்தில் பிறப்பை மறக்கவில்லை. அந்த விலக்கைக் கடைப்பிடிக்க வேண்டுமாயின், பிள்ளை தன் பிறப்பை அறிந்திருக்க வேண்டும்.

8. இன்றைய வினா

தமிழ்நாட்டில் 1992இல் சேலத்தில் தொடங்கப்பட்ட தொட்டில் குழந்தைத் திட்டம், பெண்சிசுக் கொலையைத் தடுக்கப் பெயர் சொல்லாமல் குழந்தையை ஒப்படைக்க வழிசெய்தது. உயிரைக் காக்க அம்மறைவு தேவைப்பட்டது. அவ்வாறு காக்கப்பட்ட குழந்தைக்குச் சடையனும் இசைஞானியும் யார் எனச் சொல்ல எந்த ஓலையும் இல்லை. அக்குழந்தை ஆபுத்திரனின் நிலையில் தொடங்குகிறது. கோதையின் நிலைக்கு அது வரவேண்டுமாயின், அறியப்படாத பிறப்பைப் பழியாகக் கருதாத வீடும் ஊரும் வேண்டும்.

வெளிநாட்டுத் தத்து பற்றி இலட்சுமிகாந்த் பாண்டே வழக்கில் 1984இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், பெற்றோர் பற்றிய செய்தியைப் பிள்ளைக்கு எப்போது சொல்வது என்பதை வளர்ப்புப் பெற்றோரின் விருப்பத்திற்கு விட்டது. பிள்ளை முதிர்ச்சியடைந்தபின் அறிய விரும்பினால், அதைத் தருவதற்குப் பெருந்தடை இருக்க வேண்டியதில்லை என்றும் கருதியது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழ் வந்த 2022ஆம் ஆண்டுத் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகள் வேர்தேடலை ஒரு நடைமுறையாகவே ஏற்கின்றன. பெயர் மறைக்கக் கோரிய பெற்றோரின் இசைவு வேண்டும் என்னும் வரம்பும் அவற்றில் உண்டு. அறுபடுதல் என்னும் பழைய கருத்தும், அறியும் உரிமை என்னும் புதிய கருத்தும் இன்று ஒரே நாட்டின் சட்டங்களில் அருகருகே நிற்கின்றன. வேர்தேடல் மேலைநாட்டுத் தத்துப்பிள்ளைகள் கொண்டுவந்த புதுமை என்று கூறுவோர்க்குச் சுந்தரரின் பெயரடுக்கு விடையாக அமையும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன. முதலாவது, மகன்மை, மகண்மை என்னும் சொற்கள் குறிக்கும் உறவு முந்தைய உறவோடு கூடுவது. அதை நீக்கி அமைவதன்று. பூணூலும் மணமும் பாட்டனாரின் ஓலையும் பிறந்த மரபைத் தொடர்ந்தன. அரச வளர்ப்பு அவற்றோடு சேர்ந்து நின்றது. இரண்டாவது, இதில் சாதி வரம்பின் பங்கை மறுக்க இயலாது. ஆனால் சிங்கடியப்பன், வனப்பகையப்பன் என்னும் பெயர்களை அவ்வரம்பு கொண்டு விளக்கவும் இயலாது. மூன்றாவது, தத்துறவால் பிள்ளையின் அடையாளம் மட்டுமன்றி ஏற்றவரின் அடையாளமும் மாறுகிறது. நான்காவது, பிறப்பு பேசப்பட்ட இடத்தில் உறவு நின்றது; பேசப்படாமல் பிறர் வாய்க்கு விடப்பட்ட இடத்தில் முறிந்தது.

பதிகங்களின் இறுதிப் பாடல்களைத் தல வரலாற்றுக்கும் காலவரையறைக்கும் பயன்படுத்தும் ஆய்வாளர்கள், அவற்றை உறவுமுறை வரலாற்றுக்கும் பயன்படுத்தலாம். தத்துப்பிள்ளையிடம் பெற்றவரா வளர்த்தவரா எனக் கேட்பது, திருப்புகலூரில் தம் பெயரைச் சொன்ன கவிஞர்க்குப் பொருளற்ற கேள்வியாகத் தோன்றியிருக்கும். அவர் சடையன் சிறுவன், வனப்பகையப்பனும் அவரே.